கறுப்புக் கிளிப்பை எங்கே மாட்டுவது?

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினேன். டக். டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகளெல்லாம் சமர்த்தாக எரிந்தன. எஞ்சின் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

மழைக்காலத்து வியாழக்கிழமை காலை. மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே இருக்கும் பார்க்கிங். ஈரச் சிமெண்ட் வாசனை. கேட்டுக்கு அந்தப் பக்கம் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. காருக்கு முன்னால் சக்கர நாற்காலியில் என் கணவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வலது கை யாருடையதோ போல மடியில் கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கார் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி, திருப்பி, காரில் உட்காரவைக்கப் பத்து நிமிஷம் ஆகும். அதனால் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் அவரை ஏற்றுவது என்று வழக்கம் வைத்திருந்தேன். அன்றைக்கு அவரை உள்ளே ஏற்றியிருந்தால், இன்று இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

மிஞ்சிய ஒரு வார்த்தை

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் பொங்கல் கழிந்து சில வாரங்களில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போயிற்று.

முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. ‘நாளைக்கு.’

காபி வேணுமா என்றால் ‘நாளைக்கு’. கால் வலிக்கிறதா என்றால் ‘நாளைக்கு’. பார்க்க வந்த உறவுக்காரர்களை ‘வாங்கோ’ என்று சொல்ல வாயைத் திறப்பார். ‘நாளைக்கு’ என்று வரும். வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள். இவருக்குக் கண் கலங்கிவிடும்.

மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டுவிடும் என்றார் டாக்டர். மற்றவர்கள் பேசுவது புரியும், யோசிக்கவும் முடியும், சொல்லத்தான் வராது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, ஒரு கடிதத்தில் ஒரு கமா தப்பாக விழுந்தாலும் திருப்பி டைப் அடிக்கச் சொன்ன மனிதர் இவர்.

வாரம் ஒருமுறை மாதுங்காவில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். சொல்லித்தருகிற வித்யா எங்கள் மாதுங்காப் பெண்தான். பொறுமைசாலி. ஆப்பிள், பூனை, குடை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நாலு மாதம் காட்டினாள். ஒரு அட்டைக்கும் பதில் வரவில்லை. கடைசியாகப் போனபோது இவர் இடது கையால் அட்டைக் கட்டைத் தட்டிவிட்டார். மேஜையெல்லாம், தரையெல்லாம் பூனையும் குடையும்.

அதற்கப்புறம் மூன்று வாரம் வீட்டை விட்டு நகரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ‘நாளைக்கு’ கூட நின்றுபோயிற்று. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான்.

வித்யா போன் செய்தாள். “மாமி, எனக்கு மாமாவை விட மனசே இல்லை. ஆனா வெயிட்டிங்ல நிறையப் பேர் இருக்கா. இந்த வியாழக்கிழமையும் வரலைன்னா க்ளினிக்ல அந்த டைமை வேற யாருக்காவது குடுத்துடுவா.”

இரண்டு நாள் கெஞ்சினேன். அழுதேன். ஒருதரம் கத்தவும் செய்தேன். வியாழக்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்தார். அந்த வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. அன்று திரும்பவும் மேலே போய்விட்டால் இனி அவரைக் கிளப்ப என்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

மொபைலில் டாக்ஸி தேடினேன். மழை நாளில் யார் வருவார்கள்? வருவதாகச் சொன்ன ஒருவரும் சக்கர நாற்காலி என்றதும் போனை வைத்துவிட்டார்.

டக்.

நானும் ஸ்டியரிங்கும்

கார் என்னுடையது இல்லை. அதாவது, எங்களுடையதுதான். ஆனால் அவருடையது. பதினாறு வயதான வண்டி. வெள்ளையாக வந்தது, இப்போது மோர் நிறம். “அம்மா, அந்த டப்பாவை யார்கிட்டயாவது குடுத்துத் தொலையேன்” என்று ஐரோலியில் வேலை பார்க்கும் என் மகள் போனில் சொல்லாத வாரம் கிடையாது.

எனக்கு டிரைவிங் தெரிந்ததே ஒரு பிடிவாதத்தில்தான். நாற்பது வயதுக்கு மேல், மாதுங்காவில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, அங்கே இருக்கும் பெரிய ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்து லைசென்ஸ் வாங்கினேன். வாங்கிய மறுநாள் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். சயான் வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்குள் “கிளட்ச், கிளட்ச்” என்று நாற்பது தடவை சொல்லி, ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் பிடித்தபடியே வந்தார். சிக்னலில் வண்டியை அப்படியே நிறுத்தி, இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் பதினோரு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இவருக்கு உடம்பு இப்படி ஆன பிறகு வேறு வழியில்லாமல் தொட்டேன். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் ‘கிளட்ச்’ என்று சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டே ஓட்டினேன்.

உடம்பு நன்றாக இருந்த நாளில், இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போய்விடுவார். அங்கே சுடலைமுத்துவின் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப் என்றால், ஒரு கார் உள்ளே நின்றால் மனிதர் வெளியே நிற்க வேண்டிய இடம். சுடலைமுத்துவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். காருக்குக் கரண்டு வேலை பார்ப்பதில் கெட்டிக்காரர். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சயான் அருகே எங்கள் வண்டி நின்றுபோய், அவர் வந்து தள்ளிக்கொண்டு போனதில் ஆரம்பித்த பழக்கம்.

போனால் மத்தியானம்வரை அங்கேயே நிற்பார் இவர். காலரில் கிரீஸோடு வந்து, ரசத்தைப் பிசைந்துகொண்டே ஆல்டர்னேட்டர், ரிலே என்று என்னென்னவோ சொல்வார். நான் ‘ம்’ போடுவேன். அதில் ஒரு வார்த்தையும் என் காதுக்குள் போனதில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நிச்சயதார்த்த மேளமும் காரும்

சுடலைமுத்துவுக்குத்தான் போன் செய்தேன். எடுத்ததும் நாகஸ்வரமும் மேளமும் காதைக் கிழித்தன.

“அம்மா, சொல்லுங்க! கல்யாண் டவுன்ல இருக்கேன். தங்கச்சி மவளுக்கு இன்னைக்கு நிச்சயம். ஐயா எப்படி இருக்காவ?”

“வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்கறது சுடலைமுத்து. இவரைக் கூட்டிண்டு போயே ஆகணும். இல்லைன்னா…”

மேளச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்திருக்கிறார்.

“பதறாதீய. நான் சொல்லுதத ஒண்ணொண்ணாச் செய்ங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு பானெட்டு மேல வைங்க. மொதல்ல ஹாரன அடிங்க.”

அடித்தேன். தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது.

“எனக்கே கேட்டுட்டு. சரி, ஹெட்லைட்டப் போடுங்க. வெளிச்சம் எப்படி இருக்கு?”

“கொஞ்சம் மஞ்சளா இருக்கு.”

“எத்தன நாளாச்சு வண்டிய எடுத்து?”

“மூணு வாரம்.”

“அப்ப பேட்டரி இறங்கியிருக்கும். பானெட்டத் தொறங்க. பேட்டரி தலையில ரெண்டு கேபிள் வருதுல்லா, அதுல வெள்ளையா பொடி பூத்திருக்கா?”

திறக்கத் தெரியாமல் தடவி, ஒருவழியாகத் திறந்தேன். பொடி இருந்தது. பழைய துணியால் துடைத்தேன். கேபிளை அசைத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி சாவி. டக்.

“சரிம்மா. பக்கத்துல யாரு வண்டியாச்சும் நிக்கா? கேபிள் போட்டு அதுல இருந்து கரண்டு எடுத்துப் பாத்துருவோம்.”

பக்கத்தில் ஒரு வண்டி நின்றது. அதுதான் தொல்லை.

மூன்றாம் மாடிக்காரர்

அது குல்கர்ணியின் வண்டி. மூன்றாம் மாடியில் இருப்பவர். பார்க்கிங் கோடு போட்டபோது, எங்கள் பக்கம் நாலு விரல் அதிகம் வந்துவிட்டது என்று ஒரு சண்டை. அப்புறம் அவர் வண்டிக் கதவில் ஒரு கீறல். அது நாங்கள் போட்டதுதான் என்று அவர், இல்லவே இல்லை என்று இவர். இரண்டு வருஷமாக லிஃப்டில் சேர்ந்து போனால்கூட அவரவர் மொபைலைப் பார்த்துக்கொள்வோம். இவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதும் அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எனக்கு அது மனசில் முள்ளாகத்தான் இருந்தது.

மாடி ஏறிப் போய்க் கேட்பதா என்று நான் நின்றுகொண்டிருக்கையிலேயே, கையில் குடையோடு அவரே லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். திறந்த பானெட்டையும் சக்கர நாற்காலியையும் என் கரி பிடித்த கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“க்யா ஹுவா, ஜெயா பாபி?” என்ன ஆயிற்று அண்ணி என்று கேட்கிறார்.

என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். ஹிந்தியில் சொன்னேன். வண்டி கிளம்பவில்லை, இவரை மாதுங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும், உங்கள் வண்டியிலிருந்து கரண்டு எடுக்க முடியுமா என்று.

குடையைத் தூணில் சாய்த்துவைத்தார். “கேபிள் ஹை மேரே பாஸ்” என்று, தன்னிடமே கேபிள் இருப்பதாகச் சொல்லித் தன் டிக்கியைத் திறந்தார். அவ்வளவுதான். கோடு, கீறல் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு நாள் அவர் மனைவி என்னிடம் சொன்னாள்: “உங்களைப் பார்க்க வரணும்னு ரெண்டு தடவை கிளம்பினார் பாபி. என்ன சொல்றதுன்னு தெரியாம வாசல்லேர்ந்து திரும்பிட்டார்.”

இவர் நாற்காலியைப் பம்பர் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, குல்கர்ணி வண்டியை எங்கள் வண்டிக்கு எதிரே மூக்கோடு மூக்கு நிறுத்தினோம். சிவப்புக் கிளிப் அந்த பேட்டரியில், இந்த பேட்டரியில். கறுப்புக் கிளிப் அதிலும் இதிலும். குல்கர்ணி தன் வண்டியை ஓடவிட்டார். எங்கள் ஹெட்லைட் பளீரென்று வெள்ளையாயிற்று. இந்தத் தடவை நிச்சயம் என்று நினைத்துச் சாவியைத் திருப்பினேன்.

டக்.

போனில் சுடலைமுத்து சொன்னார்: “ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருக்கும்னு நெனைக்கேன்மா. கீழ படுத்துக் கழட்டணும். உங்களால முடியாது. நாளைக்கு விடியக்காலம் வந்து நிக்கேன்.”

பத்து மணி ஆகியிருந்தது. குல்கர்ணி தன் வண்டியிலேயே கூட்டிப் போவதாகச் சொன்னார். சொன்ன மனசு பெரிது. ஆனால் அது உயரமான வண்டி. அதில் இவரைத் தூக்கி ஏற்ற எங்கள் இரண்டு பேரால் முடியாது. ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று நாற்காலியை அந்தக் கதவு பக்கம் தள்ளினேன்.

நாற்காலி நகரவில்லை.

பம்பரைப் பிடித்த கை

குனிந்து பார்த்தேன். இவர் இடது கையால் எங்கள் கார் பம்பரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“விடுங்கோ. இந்த வண்டி இன்னிக்கு வராது. விடுங்கோன்னா.”

விடவில்லை. தலையை வேகமாக ஆட்டினார். பம்பரை விட்டுவிட்டுக் கையை நீட்டி எஞ்சின் பக்கம் காட்டினார். பேட்டரியைக் காட்டினார். மறுபடி எஞ்சினைக் காட்டினார். கைக்குட்டை உள்ளே விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அதைக் கேட்டேன். தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. ‘நாளைக்கு’தான் வரப்போகிறது, வந்ததும் அழப்போகிறார் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“எ…” என்றார். “எ… எ…”

குல்கர்ணி தன் எஞ்சினை அணைத்துவிட்டார். பார்க்கிங்கில் மழைச் சத்தம் மட்டும்.

“எர்த்து.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன வார்த்தை என்றே புரியவில்லை. பானெட் மேல் இருந்த போன் கத்தியது.

“அம்மா! யாரும்மா அது? ஐயாவா பேசுதாவ?”

“எர்த்து” என்றார் இவர் மறுபடி. இந்தத் தடவை தெளிவாக, கோபமாக. கமா தப்பாகப் போட்டவனிடம் பேசுகிற அதே குரல்.

“ஐயோ, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! ஐயா சொல்லுததுதாம்மா சரி. பாடியில இருந்து எஞ்சினுக்கு ஒரு எர்த்து வயர் போவும். அது இத்துப் போயிருக்கும். அதனாலதான் லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, ஸ்டார்ட்டருக்கு மட்டும் கரண்டு சேரல. அந்தக் கறுப்புக் கிளிப்ப நம்ம பேட்டரில இருந்து எடுத்துட்டு நேரா எஞ்சின் இரும்புல மாட்டுங்க.”

எங்கே மாட்டுவது? எஞ்சினில் எங்கே பார்த்தாலும் இரும்புதான். குல்கர்ணி கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். நான் இவர் நாற்காலியை எஞ்சினுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனேன். விரலை நீட்டி ஒரு தடித்த போல்ட்டைக் காட்டினார். குல்கர்ணி அதில் கிளிப்பை மாட்டிவிட்டுத் தன் வண்டியை மறுபடி ஓடவிட்டார்.

சாவியைத் திருப்பினேன். ஒரே ஒரு சுற்று. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வெளியே வந்தபோது குல்கர்ணி இவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த அசையாத வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். “மான் கயா, மான் கயா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன் என்று. இவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. போதும் எனக்கு.

போனில் சுடலைமுத்து அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. “வழியில எங்கயும் ஆஃப் பண்ணிராதீயம்மா! போய்ச் சேர்ந்து நிப்பாட்டுங்க. திரும்பி வர்றதுக்கு ஆள் அனுப்புதேன்” என்றார். அனுப்பவும் செய்தார். அது மட்டுமல்ல, மறுநாள் காலை அவரே வந்து அந்த வயரை மாற்றினார். பின்னிய செப்பு நாடா, நடுவில் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. அதை இவர் கையில் கொடுத்து, “நான் தோத்தேன்யா” என்றார். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

வித்யா அட்டையை மாற்றினாள்

மாதுங்கா போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்தே போயிருந்தது. வித்யா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஆப்பிளைக் காட்டினாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூனையைக் காட்டினாள். ஒன்றுமில்லை.

நடந்ததைச் சொன்னேன். அவள் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள்.

“எர்த்துன்னு சொன்னாரா? ‘எர்த்து’வா?”

“ரெண்டு தரம்.”

“மாமி, உங்க கார் எஞ்சினை போட்டோ எடுத்துண்டு வாங்கோ. ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியா. இத்தனை நாளா மாமாகிட்ட நான் எல்.கே.ஜி. அட்டையைக் காட்டிண்டு இருந்திருக்கேன்.”

போட்டோ எடுத்தேன். எது என்ன என்று எனக்குத் தெரியாததால், வயர் மாற்ற வந்த சுடலைமுத்து பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வித்யா அவற்றை அட்டையாக்கி மேஜையில் பரப்பினாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று மூன்று வார்த்தை வந்தது. பேட்டரி, பெல்ட், ஃபேன். அடுத்த வாரம் ரேடியேட்டர். அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்தது. வித்யாவுக்கும் எனக்கும் வியர்த்துவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. வலது கை இன்னும் வரவில்லை. நீளமான வாக்கியம் இன்னும் வரவில்லை. சில நாள் எந்த வார்த்தையும் வராமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். ஆனால் ஸ்டார்ட்டரிலிருந்து சாதத்துக்கும், பம்பரிலிருந்து படிக்கட்டுக்கும் மெல்ல மெல்ல வார்த்தைகள் தாவின. மகள் பெயர் வந்தது. அன்று அவள் ஐரோலியிலிருந்து அலுவலக உடையோடு ஓடிவந்தாள். அதன் பிறகு ‘டப்பா’ என்ற பேச்சையே எடுப்பதில்லை.

குல்கர்ணி மாலை வேளைகளில் வந்து உட்காருகிறார். இவர் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல, அவர் மராத்தியில் பத்து வார்த்தை பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் பொழுது போகிறது.

அந்த மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை. நான் அடுக்களையில் மோர்க்குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்திய நேரம் பார்த்து ஹாலிலிருந்து குரல் வந்தது.

“ஜெயா.”

கையைத் துடைக்காமலே ஓடினேன். தண்ணீரா, பாத்ரூமா, எங்கேயாவது வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். ஜன்னலோரம் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கூப்பிட வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.